3,800 கிலோமீட்டர் 730 ஆன கதை



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன், "டீச்சர் காரிலேயே ஐரோப்பா சுத்தப் போறாங்க" என்று போட்டுவிட்டான். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. எந்த டிராவல்ஸ், எவ்வளவு ஆகும், எத்தனை நாடு என்று ஆளுக்கொரு கேள்வி. "இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டது என் நாத்தனார். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது என்பதால் ஒரே பதிவாக எழுதுகிறேன். நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசா இன்னும் கைக்கு வரவில்லை. மனுவே அடுத்த வாரம்தான் கொடுக்கப் போகிறோம். ஆகவே இது பயணக் கட்டுரை இல்லை. பயணத்துக்கு முன்னால் அபிராமபுரத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று மாதமாக நடந்த கூத்து.

என் மகன் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்தில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எட்டு வருஷமாகக் கூப்பிடுகிறான். மாமியாரைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வருஷம் அவர் காலமானார். இந்தத் தை பிறந்ததும் மகன் ஓர் அட்டவணை போட்டு அனுப்பினான். அவனுடைய சொந்தக் காரிலேயே பதினான்கு நாள், ஏழு நாடு. ஸ்டட்கார்ட்டில் கிளம்பி பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து திரும்ப ஜெர்மனிக்குள் வந்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில், அப்புறம் மியூனிக், வியன்னா, வெனிஸ், மிலான், சூரிச், மறுபடி ஸ்டட்கார்ட். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம், ஒரு ஹோட்டல், பார்க்க வேண்டிய இடங்கள், மணிக்கணக்கு. பிள்ளை ஆசையாகத்தான் போட்டிருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 36 வருஷம் கரும்பலகையில் ஐரோப்பா படம் வரைந்தவள் நான். இத்தாலியைப் பூட்ஸ் கால் என்று வரைந்து, அது சிசிலித் தீவை உதைக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சுவரில் மாட்டுகிற படத்தைத் தவிர அந்த நாடுகளை நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் பழைய அட்லஸை எடுத்து மேஜையில் விரித்தார். தையல் டப்பாவிலிருந்து நூல்கண்டை எடுத்தார். காவிரியின் நீளத்தை வளைவுக்கு வளைவு நூல் வைத்து அளந்து, பிறகு நூலை நீட்டி, படத்தின் அளவையால் பெருக்கச் சொல்லிக் கொடுப்பேனே, அதே முறை. சுமார் 3,800 கிலோமீட்டர் வந்தது. மகனிடம் கேட்டால் கூகுளும் ஏறக்குறைய அதையே சொல்கிறதாம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி 700 சொச்சம். இரண்டு தடவை போய்த் திரும்பி, மூன்றாம் தடவையும் போய்ச் சேர்ந்து, திரும்பி மதுரை வரைக்கும் வந்துவிடுகிற தூரம் அது.

"சராசரி பார்த்தா ஒரு நாளைக்கு 270 கிலோமீட்டர்தானே அம்மா. ஆட்டோபான்ல மூணு மணி நேரம்" என்றான் மகன். சராசரி ஆழத்தை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதையை இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டேனா என்ன? வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு மட்டும் 600. ஹாமிலிருந்து மியூனிக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

இதில் வீட்டுக்காரருக்கு வயது 71. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தியாக வேண்டும். காரணம் எழுபதைத் தாண்டிய ஆண்களுக்குத் தெரியும். ஆட்டோபான் ஓய்விடங்களில் பல இடத்தில் கழிப்பறைக்கு ஒரு யூரோ வாங்குகிறார்கள். அதற்கு ஒரு சீட்டும் தருவார்களாம், அங்கேயே கடையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு யூரோ என்றால் ஏறக்குறைய நூறு ரூபாய். "நாளைக்கு ஆறு தடவைன்னா அறுநூறு ரூபாயா!" என்று அவர் கேட்ட கேள்வியில்தான் முதல் முறையாக இந்தத் திட்டம் ஆட்டம் கண்டது.

அப்போது மருமகள் ஒரு வார்த்தை சொன்னாள். ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். வண்டியிலேயே ஒரு கருவி அதைக் குறித்துக்கொண்டே வரும், ஏமாற்ற முடியாது. "உங்க பிள்ளைக்கு அந்தச் சட்டம் கிடையாது அத்தை. நாமதான் போடணும்" என்றாள். நல்ல பெண். நாங்கள் போட்டோம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓடக் கூடாது. இருட்டினபின் ஓட்டம் இல்லை. எந்த ஊரானாலும் இரண்டு ராத்திரிக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றையும் அட்டவணை மேல் வைத்துப் பார்த்தால் பாதி ஊர் தானாக உதிர்ந்துவிடும். கேட்கிற பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும், கொடைக்கானலே ஆனாலும், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஊர்ப் பட்டியலை அப்புறம் போடலாம்.

ஆனால் திட்டம் முழுதாக மாறியதற்குக் காரணம் காலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

1984 ஜூனில் என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் வேண்டாம்; அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் வீடு போய், யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ராமேசுவரம் வந்து, மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் ஒன்பது பேராக இருந்த குடும்பம். எனக்கு அப்போது 24 வயது. பயிற்சி முடித்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் எழுந்து, பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "டீச்சர், இவ என்னோட கதைக்கிறா இல்லை" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் வகுப்பை அடக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "கதைக்கிறது இல்லம்மா, பேசுறது. எங்கே, மூணு தடவை சொல்லு" என்றேன். நல்ல தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் நின்றுகொண்டே மூன்று தடவை சொன்னாள். அதற்கப்புறம் வருஷக் கடைசி வரைக்கும் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்ததில்லை. ரிப்போர்ட் கார்டில் 'அமைதியான பெண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் பக்கத்தில் அது அன்றாடச் சொல், அதுவும் நல்ல தமிழ்தான் என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குள் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தகப்பனார் முதலில் சுவிட்சர்லாந்து போனார், பிறகு குடும்பமும் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களில் ஒருத்திதான் அவளைக் கண்டுபிடித்து என் நம்பரைக் கொடுத்தாள். பேர்ன் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். முகநூலில் அவள் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவாள். நாங்கள் வரப்போகிறோம் என்று சொன்னதும், "வாங்கோ டீச்சர், எத்தனை நாள் நிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நான் அட்டவணையைப் பார்த்தேன். பேர்ன் அதில் இல்லவே இல்லை. 'சூரிச்: மதியம் 1 முதல் 3 வரை, ஏரிக்கரை, போட்டோ' என்று இருந்தது. "சூரிச்ல ரெண்டு மணி நேரம் இருப்போம்மா, நீ அங்கே வந்துட்டா பார்த்துடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஓம் டீச்சர், ரயிலில ஒரு மணித்தியாலம்தான். லீவு சொல்லிப்போட்டு வாறன்" என்றாள்.

அந்த நேரம் உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனைத் தள்ளிப் பிடித்து, "பொறு பிள்ளை, எங்கட டீச்சரோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றாள். பிறகு போனுக்குத் திரும்பி, "உங்களோட பேசினது சந்தோசம் டீச்சர்" என்றாள்.

மகளிடம் கதைக்கிறாள். என்னிடம் பேசுகிறாள். நாற்பது வருஷம் கழித்து!

போனை வைத்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி சாப்பாடு ஆனபிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் மகனிடம், பேர்னில் மூன்று ராத்திரி வேண்டும், மற்றது எது போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம். வெனிஸ் ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிட்டான், ரத்து செய்தால் திரும்ப வராது. "என் பென்ஷன்ல எடுத்துக்கோப்பா" என்றேன். அது அவனுக்கு இன்னும் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே புது அட்டவணை அனுப்பினான். அதில் பேர்னுக்கு நேராக நிறமே போடாமல் வெள்ளையாக விட்டிருந்தான். 'அம்மா இஷ்டம்' என்று எழுதியிருந்தது.

இந்த மாற்றத்தில் அதிகம் இழந்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான். அவருடைய ஆசையெல்லாம் மிலானிலிருந்து சூரிச் போகிற வழியில் இருக்கும் கோட்ஹார்ட் சுரங்கச் சாலை. 16.9 கிலோமீட்டர், 1980-ல் திறந்தது. வேலையில் இருந்த காலத்தில் பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டி வைத்திருக்கிறார் மனிதர். "போகட்டும் விடு" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார். இதை எப்படியோ பேச்சுவாக்கில் பேர்னில் சொல்லிவிட்டேன். மறுநாளே அவளிடமிருந்து தகவல். பேர்னுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் காண்டர்ஸ்டெக் என்று ஓர் ஊர். அங்கே காரை அப்படியே ரயில் மேல் ஏற்றிவிடுவார்கள், நாம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். லோட்ச்பெர்க் மலைக்குள் 14.6 கிலோமீட்டர் சுரங்கம், கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் கோப்பன்ஸ்டைன். சுரங்கம் திறந்தது 1913-ல். "ஐயாவை நான் கூட்டிக்கொண்டு போறன் டீச்சர், நானே கார் ஓடுவன்" என்றாள். கார் ஓடுவன் என்பதைக் கேட்டு அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இப்போது அவர் கோட்ஹார்ட்டை மறந்துவிட்டு, 1913-ல் மலையை எப்படிக் குடைந்தார்கள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

ஆக, இப்போதைய திட்டம் இது. விநாயக சதுர்த்தி முடிந்து கிளம்புகிறோம். நவராத்திரிக்குள் வந்து கொலு வைக்க வேண்டும். இறங்கின முதல் நாலு நாள் மகன் வீட்டில் தூக்கக் கணக்கைச் சரி செய்வது. பிறகு ஸ்டட்கார்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் 150 கிலோமீட்டர். அங்கே ரைன் நதிதான் எல்லை. இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை பிரான்ஸ். 2017-லிருந்து ஒரு டிராம் வண்டி பாலத்தின் மேல் நாடு விட்டு நாடு போய் வருகிறது. நம் மந்தைவெளி டெப்போவிலிருந்து பாரிமுனைக்குப் போகிற மாதிரி. அந்த டிராமில் ஒரு தடவை போய் வர வேண்டும், அது என் ஆசை. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து பாசெல் வழியாக பேர்ன் 235. பேர்னிலிருந்து சூரிச் 125. சூரிச்சிலிருந்து ஸ்டட்கார்ட் 220. வழியில் ஷாஃப்ஹவுசனில் ரைன் அருவி. உயரம் 23 மீட்டர்தான், அகலம் 150 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்துக் குற்றாலத்தோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், விழுகிற தண்ணீரின் அளவைப் பாருங்கள் என்று வகுப்பில் சொன்னது நான்தான்; இப்போது நானே போய்ப் பார்க்கப் போகிறேன். கூட்டிப் பாருங்கள்: 730. கன்னியாகுமரி தூரம். 1994 கோடை விடுமுறையில் எங்கள் ஃபியட் காரில் இவர் ஓட்டி, நாலு நாளில் நின்று நின்று போனோமே, அதே கணக்கு. சுரங்கம் போய் வருவது தனி.

பாரிஸ் போகாமல் எப்படி என்கிறவர்களுக்கு: பாரிஸ் உண்டு, ஆனால் ரயிலில். ஸ்டட்கார்ட்டிலிருந்து நேர் வண்டி மூணே கால் மணி நேரம். காரில் 620 கிலோமீட்டர் போய், அந்த நகரத்துக்குள் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல். ஹாம் கோவில் இந்தத் தடவை இல்லை. 2002-ல் கும்பாபிஷேகம் ஆன பெரிய கோவில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. தேர் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் போக வேண்டும். அதற்குப் பதில் பேர்னிலேயே ஒரு சிவன் கோவில் இருக்கிறது. ஒரே கட்டிடத்தில் கோவில், மசூதி, தேவாலயம், புத்தர் கோவில் எல்லாம் சேர்த்து 2014 டிசம்பரில் திறந்த இடம். அங்கே பூஜை தமிழிலேயே நடக்கிறதாம். மூன்று ராத்திரியில் ஒரு சாயங்காலம் அதற்கு.

சில்லறைத் தகவல்கள், கேட்டவர்களுக்காக. ஜெர்மனியில் காருக்குச் சுங்கச்சாவடி இல்லை. சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 பிராங்குக்கு ஒரு வில்லை வாங்க வேண்டும். ஒரு நாள் போனாலும் அதே வருஷச் சந்தாதான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணி வரை பெரிய லாரிகள் ஓடாது, ஆகவே ஓட்டத்துக்கு நல்ல நாள். ஆனால் அன்றைக்குக் கடையும் திறக்காது. சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைக்காவிட்டால் மோர் சாதத்துக்கு வழி இல்லை. ஷெங்கன் எல்லைகளில் பரிசோதனை கிடையாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லையிலும் மறுபடி சோதிக்க ஆரம்பித்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும்.

விசா விஷயம் வேடிக்கை. ஜெர்மன் துணைத் தூதரகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், போட் கிளப் ரோட்டில் இருக்கிறது. ஆனால் மனுவை அங்கே கொடுக்க முடியாது. அதற்கென்று இருக்கும் மையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஏழு நாடு போனாலும் ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். ஆளுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் வரை மனு கொடுக்கலாம், கடைசி நேரம் என்றால் 15 நாள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பல பாலிசிகளில் காப்பு கிடையாது. அதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி வருவோம் என்று நாம் நிரூபிக்க வேண்டும். பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு. எத்தனை பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த கை இது! இப்போது நான் நாலு காகிதம் வைத்து, அபிராமபுரத்துக்கே திரும்பிவிடுவேன், என்னை நம்புங்கள் என்று எழுத வேண்டியிருக்கிறது. ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசல் நதிக்கரையில் உள்ள ஒரு சின்ன கிராமம். அங்கேதான் 1985 ஜூனில் ஐந்து நாடுகள் சேர்ந்து, எல்லையில் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஜூனில் அந்தப் பெண் என்னிடமிருந்து எட்டாம் வகுப்புக்குப் போனாள்.

அவளுக்கு என்ன கொண்டுபோவது என்று பார்த்தால், நெய் கூடாது, பால்கோவா கூடாது. பால், இறைச்சி சேர்ந்தது எதையும் வெளியிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. கறிவேப்பிலை கூடாது. மாம்பழத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடியும் மாவடு ஊறுகாயும் எடுத்துக்கொள்கிறேன். என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். "ஒண்டும் வேண்டாம் டீச்சர், நீங்கள் வந்தாப் போதும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வகுப்புப் படம் ஏதும் இருக்கோ? எங்களிட்ட சின்ன வயசுப் படம் ஒண்டும் இல்லை" என்றாள்.

பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை வீட்டுக்காரர் இறக்கிக் கொடுத்தார். 1985 மார்ச் படம் இருக்கிறது. ஓரத்தில் பூச்சி அரித்திருந்தாலும் முகங்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. மேல் வரிசையில் வலது கோடியில், மற்றவர்களைவிட்டு அரை அடி தள்ளி அவள் நிற்கிறாள். நடு நாற்காலியில் நான், ரொம்ப விறைப்பாக.

மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்தாகிவிட்டது. படத்தின் பின்னால் எல்லோர் பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தைந்து பேரை நான் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவது, கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் யார்? அவனுக்குப் பின்னால் ரெட்டைப் பின்னல் போட்ட இரண்டு பெண்களும் யார் யார்? அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது படித்தால், கீழே எழுத வேண்டாம், எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். படத்தை அதிலேயே அனுப்புகிறேன்.